ஐம்பது சொற்களுக்கு மிகாமல்

விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். பெயர், ரோஸி. தந்தை பெயர், லாசர். தாய் பெயர், லூர்துமேரி. தற்போது படிக்கும் பாடம், பி.ஏ. ஆங்கில இலக்கியம், முதலாம் ஆண்டு. மாற விரும்பும் பாடம், வரலாறு, தமிழ் வழி. அதற்குக் கீழே அரைப் பக்கத்துக்கு ஒரு பெரிய கட்டம். மாறுவதற்கான காரணத்தை ஆங்கிலத்தில் எழுதவும், ஐம்பது சொற்களுக்கு மிகாமல். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை என்பதையும் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும் என்று யோசித்த புண்ணியவானை ஒரு தடவை நேரில் பார்த்துக் கும்பிட வேண்டும்.

எங்கள் கல்லூரி நூலகத்தில் மின்விசிறி ஓடாத மூலை ஒன்று உண்டு. அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். அதனாலேயே சேர்ந்த மூன்றாவது நாளிலிருந்து அது என் மேசையாகிவிட்டது. விண்ணப்பத்தைக் கொடுக்க நாளை மாலை நான்கு மணிவரைக்கும் நேரம். அம்மா, அப்பா இருவரில் ஒருவர் கையெழுத்து வேண்டும். வரலாற்றில் இரண்டு இடம்தான் காலி என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நாளை விட்டால் மூன்று வருஷமும் இதே வகுப்பு, இதே முகங்கள், இதே மேசைதான்.

பட்டினப்பாக்கத்தில் நான் இங்கிலீஷ்காரி. எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் யாருக்கு பேங்கிலிருந்து கடிதம் வந்தாலும், ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ரிப்போர்ட் கொடுத்தாலும், புது மிக்ஸிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தாலும் அது என்னிடம்தான் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் இங்கிலீஷில் தொண்ணூற்று நான்கு வாங்கியவள். படிக்கட்டில் எதிரே வந்தால் ஏசுராஜ் மாமா சுவரோடு ஒட்டி நின்று, "பீட்டரு போவுது, வழி வுடுங்கப்பா" என்பார். வெளியே முறைத்தாலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். ஆனால் அந்தத் தொண்ணூற்று நான்கு எப்படி வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கட்டுரை, கடிதம், செய்யுள் சுருக்கம் எல்லாவற்றையும் ஜெபமாலை சொல்வதுபோல மனப்பாடம் செய்திருந்தேன். நடுவில் ஒரு வரி மறந்துபோனால் அடுத்த வரிக்குப் போக முடியாது, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்படிப்பட்டவள் ஆங்கில இலக்கியம் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தாள், அவர்களும் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

வகுப்பில் யாரும் என்னைக் கேவலமாக நடத்தவில்லை. அப்படி நடத்தியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். எங்கள் குப்பத்துப் பெண்ணுக்கு வாயா இல்லை? அவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள், அதுதான் தொல்லை. நாலு பேர் நின்று இங்கிலீஷில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் பக்கத்தில் போனதும் பேச்சு தமிழுக்கு மாறிவிடும். யாரும் சொல்லிவைத்து மாறுவதில்லை. நொண்டி வருகிறவனுக்கு பஸ்ஸில் இடம் விடுவதுபோல மொழியை விட்டு எழுந்துகொள்வார்கள். நான் நகர்ந்த பிறகு பழையபடி இங்கிலீஷ் ஆரம்பிப்பதை முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே நடப்பேன். ஒரு மாதத்தில் நான் பக்கத்தில் போவதையே நிறுத்திவிட்டேன்.

ஹம்சா மட்டும் அவளாகவே தேடி வருவாள். மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு, அப்பா ஆடிட்டர், காலையில் வீணை வகுப்புக்குப் போய்விட்டுக் கல்லூரிக்கு வருகிறவள். "ரோஸி, நீ எழுதிண்டு வா, வாசிக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்த்துத் தரேன். எங்காத்துல அப்பாவே எனக்குத் திருத்துவார், இதுல என்ன இருக்கு?" என்பாள். உண்மையாகவே அதில் ஒன்றுமில்லைதான். ஆனால் அவளுடைய கையில் என் தாளைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. மதியம் மீன்குழம்பு டப்பாவைத் திறந்தால் அவள் மூக்கைச் சுளிக்கக்கூட மாட்டாள். மூச்சை மட்டும் கொஞ்சம் மெதுவாக விடுவாள். அதைக் கவனித்த நாளிலிருந்து பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அங்கிருந்து பார்த்தால் கோபாலபுரத்து பங்களா ஒன்றின் மாமரமும், துணி காயாத ஒரு கொடியும் தெரியும். முப்பது நாளாக அந்தக் கொடியில் யாரும் எதையும் காயப்போடவில்லை.

ஹம்சாவிடம் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. மூன்று வாரத்துக்கு முன் சுலோச்சனா மேடம் ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார். வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது, அவ்வளவுதான். மனப்பாடம் செய்ய முடியாத தலைப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். எங்கள் பக்கம் யாரும் மீன் பிடிக்கப் போகிறார் என்று சொல்ல மாட்டார்கள். தொழிலுக்குப் போயிருக்கிறார் என்பார்கள். கடல் சரியில்லையென்றால் இன்றைக்குத் தொழில் இல்லை. ஒருவன் பிழைக்கத் தெரிந்தவன் என்றால் தொழில் தெரிந்தவன். என் நைனா செய்வதும் தொழில், பிடித்துவந்த மீனை அம்மா மந்தைவெளியில் உட்கார்ந்து விற்பதும் தொழில். அகராதியில் அந்த ஒரு சொல்லுக்கு ஐந்தாறு இங்கிலீஷ் சொற்கள் போட்டிருந்தது. அதில் எனக்கு நன்றாகத் தெரிந்தது பிசினஸ். எங்கள் பிளாக்கில் மரியாதையான சொல் அது. ஒருவர் பிசினஸ் பண்ணுகிறார் என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். அம்மாவுக்கும் நைனாவுக்கும் புதுத்துணி எடுத்துக் கொடுத்ததுபோல அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் எழுந்து நின்று வாசித்தேன். 'மை ஃபாதர் டஸ் பிசினஸ் இன் தி ஸீ.' எங்கோ ஒரு சின்னச் சிரிப்பு. நான் நிறுத்தவில்லை. 'மை மதர் டஸ் பிசினஸ் இன் தி ஸ்ட்ரீட். எவ்ரி ஈவ்னிங் மெனி பீப்பிள் கம் டு ஹெர்.' பின் பெஞ்சில் ஒருத்தி இருமினாள். இருமலுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது, அது பக்கத்துப் பெஞ்சுக்குப் பரவியது. ஹம்சா தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் "சைலன்ஸ்" என்றார். ஏதோ உச்சரிப்பைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து நானும் கூடச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மீதியை வாசித்து முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

புரிந்தது சாயங்காலம் பஸ்ஸில். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, அந்த வாக்கியத்தைத் தமிழில் ஒருமுறை எனக்குள் சொல்லிப் பார்த்தேன். என் தமிழில் இல்லை, அவர்கள் பேசும் தமிழில். தெருவில் தொழில் செய்கிறாள். சாயங்காலமானால் நிறைய பேர் அவளைத் தேடி வருகிறார்கள். உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, கடற்கரைப் பக்கமாகவே நடந்து வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் போகட்டும். விடியற்காலையிலேயே எழுந்து, நைனா படகிலிருந்து இறக்கும் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிற என் அம்மாவை நாற்பது பேர் முன்னால் நிறுத்தி, சிரிக்கவைத்து, நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் சொன்னால் அம்மாவுக்கு எந்த வார்த்தை என்று விளக்க வேண்டும். வகுப்பில் சொன்னால் எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்க வேண்டும். அன்றிரவு தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

தாள் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. மேடம் பிசினஸ் என்ற சொல்லை இரண்டு இடத்திலும் சிவப்பில் அடிக்கோடிட்டு, கீழே 'ஸீ மீ' என்று எழுதியிருந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று எனக்கே தெரியுமென்று நினைத்துக்கொண்டேன். தாளை நாலாக மடித்துப் பையின் அடியில் செருகினேன். மறுநாள் அலுவலகத்துக்குப் போய் பாடம் மாறும் விண்ணப்பம் வாங்கிவந்தேன்.

பெரிய கட்டம் இன்னும் காலியாக இருந்தது. நூலகக் கடிகாரம் இரண்டரை காட்டியது. ரஃப் நோட்டில் எழுதிப் பார்த்தேன். 'ஐ ஸ்டடீட் இன் தமிழ் மீடியம். ஐ வொர்க்ட் ஹார்ட். பட் ஐ ஆம் நாட் குட் எனஃப் டு ஸ்டடி இங்கிலீஷ். ஐ டூ நாட் வாண்ட் டு வேஸ்ட் எனிபடிஸ் டைம். ப்ளீஸ் கிவ் மீ ஹிஸ்டரி.' எண்ணினேன், இருபத்தொன்பது சொற்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கும் அளவுக்குத் தகுதி போதாது என்று சொல்ல ஐம்பது சொற்கள்கூடத் தேவைப்படவில்லை. எனஃப் என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் போதும் என்ற சொல் சோறு போடும்போதுதான் வரும். நான் போதும் என்று தட்டின் மேல் கையை வைத்தால் அம்மா கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி போடுவாள். மற்ற எதற்கும் நாங்கள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. ரஃப் நோட்டில் இருந்ததைக் கட்டத்துக்குள் அழகான கையெழுத்தில் பார்த்து எழுதினேன். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

நைனாவிடம் கையெழுத்துக்குப் போகும் துணிச்சல் இல்லை. அவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார், யாருக்காவது போன் போட்டு விசாரிப்பார். அம்மா அதிகம் கேட்க மாட்டாள். கல்லூரி விட்டதும் நேராக மந்தைவெளிக்குப் போனேன். பறக்கும் ரயில் பாலத்துக்குக் கீழே, தூணை ஒட்டி அம்மா உட்காருவாள். பலகையில் சங்கரா, காணாங்கத்தை, ஓரமாக ஒரு கூறு நெத்திலி. பக்கத்துப் பலகை காவேரி அத்தையுடையது. நொச்சிக்குப்பத்துக்காரி, அம்மாவோடு இருபது வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டே ஒன்றாக உட்கார்ந்திருப்பவள். நான் போனபோது அம்மா அருவாமனையில் காலை ஊன்றி ஒரு அம்மாளுக்கு மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில், புருவத்துக்கு மேலே, ஒரு செதில் ஒட்டியிருந்தது.

"இன்னா இந்த நேரத்துல இங்க? காலேஜு லீவா?"

"இல்லம்மா. இதுல ஒரு கையெழுத்து போடணும். நாளைக்குக் குடுக்கணும்."

அம்மா மீன் பையை அந்த அம்மாளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, வாளித் தண்ணீரில் கையை அலசினாள். தாளை வாங்காமல் எட்டிப் பார்த்தாள். "இம்மாம் எழுதிக்கிற. நீ எழுதுனதா?"

"ம்."

"இன்னா எழுதிக்கீது?"

"சும்மா, காலேஜு விஷயம்."

"படி, கேக்கறேன்."

"உனக்குப் புரியாதும்மா. கையெழுத்து மட்டும் போடு."

"புரியலேன்னா இன்னா? ஃபாதர் இங்கிலீஸ்ல பூச வெக்கறப்போ உக்காந்து கேக்கல? அந்த மாதிரி கேட்டுக்கறேன். ஏய் காவேரி, இப்டி வா. எம் பொண்ணு இங்கிலீஸ் படிக்கப்போறா."

காவேரி அத்தை ஈர முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். வேறு வழியில்லை. நின்றபடியே படித்தேன். நல்லவேளை, அந்த நேரம் பாலத்தின் மேலே ரயில் வந்தது. பாதியில் நிறுத்தியிருக்கலாம், ஆனால் அம்மா காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தினேன். நான் இங்கிலீஷுக்குப் போதாதவள் என்பதை மந்தைவெளி ரயில் சத்தத்துக்கு மேலே இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு இடத்திலும் நாக்குக் குழறவில்லை. ப்ளீஸ் கிவ் மீ ஹிஸ்டரி என்று முடித்தபோது ரயில் போய்விட்டது, என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

"யப்பா" என்றாள் காவேரி அத்தை. "தண்ணியாட்டம் ஊத்துதுடி."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பளபளத்தது. அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது எனக்கு. பிறகு கேட்டாள், "அதுல எங்களப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

"இல்லம்மா."

"நைனா பேரு கூட வரல. காதுல வுழுதான்னு பாத்துக்கினே இருந்தேன். இம்மாம் எழுதிக்கிற, நைனாவப் பத்தி ஒரு வார்த்த எழுதக் கூடாதா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, பையின் அடியில் கையை விட்டு நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்தேன். "இன்னொண்ணு எழுதினேன். அதுல இருக்கீங்க" என்றேன். விண்ணப்பத்தைப் பைக்கு மேலே வைத்துவிட்டு, தாளைப் பிரித்தேன். வகுப்பில் படித்த பிறகு அதை நான் திரும்பப் படித்ததே இல்லை. மை ஃபாதர் டஸ் பிசினஸ் இன் தி ஸீ என்று ஆரம்பித்தேன்.

"பிசினஸா?" அம்மா குறுக்கிட்டாள். "நைனா பண்றது பிசினஸ்னு எழுதிக்கிறியா?"

"ஆமா. உனக்கும் அதான் எழுதிக்கிறேன்." அவளுடைய வரிகளையும் படித்தேன். அடிக்கோடிட்ட இடம் வந்தபோது தாளை முகத்துக்கு நெருக்கிப் பிடித்துக்கொண்டேன். விடாமல் படித்தேன்.

அம்மா காவேரி அத்தையின் தொடையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "கேட்டியாமே? நம்மது பிசினஸாம்."

"பின்ன? அதுல இன்னா டவுட்டு?" என்று காவேரி அத்தை நெத்திலி மேல் தண்ணீர் தெளித்தாள்.

"இத்தக் காலேஜுல எல்லாருக்கும் படிச்சுக் காட்டுனியா?"

"காட்டினேன்."

"இன்னா சொன்னாங்க?"

நான் பொய் சொல்லவில்லை. "சிரிச்சாங்கம்மா."

அம்மாவும் சிரித்தாள். முன்பல் தெரிய, புருவத்துச் செதில் அசைய, நிறைந்து சிரித்தாள். "சிரிக்காத இன்னா பண்ணுவாங்க. கடலுல இன்னாடா பிசினஸுன்னு சிரிச்சிருப்பாங்க. நல்லா எழுதிக்கிற, கண்ணு. அது இன்னா செவப்புக் கோடு?"

"மேடம் போட்டது."

"முக்கியமான எடத்துலதான் கோடு போடுவாங்க" என்றாள் அம்மா காவேரி அத்தையிடம், விஷயம் தெரிந்தவளைப் போல.

வகுப்பில் ஏன் சிரித்தார்கள் என்று இவளுக்குத் தெரியாது. இவள் இப்போது எதற்குச் சிரிக்கிறாள் என்று அந்த வகுப்புக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. இரண்டு சிரிப்பும் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் எடுத்துச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அழுகை வந்தது. அம்மா கவனிக்கக் கூடாதென்று குனிந்து பையில் பேனாவைத் தேடினேன்.

"குடு, இருட்றதுக்குள்ள போட்டுடறேன்" என்று அம்மா பேனாவை வாங்கினாள். சுய உதவிக் குழுவில் சேர்ந்த வருஷம் கற்றுக்கொண்ட கையெழுத்து அவளுடையது. ஒவ்வொரு எழுத்தாக, அடுத்தது என்ன என்று யோசித்துத்தான் போடுவாள். என் கையிலிருந்த தாளை அவளே இழுத்துப் பலகையின் காய்ந்த ஓரத்தில் வைத்துக்கொண்டாள். நான் படித்துக்காட்டிய, சிவப்புக் கோடு போட்ட, மேடம் 'ஸீ மீ' என்று எழுதிய தாள். விண்ணப்பம் பைக்கு மேலே அப்படியே இருந்தது.

அது இல்லம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் அதற்குள் லூ போட்டுவிட்டாள். ர் போட்டுவிட்டு நிமிர்ந்து, "இங்கதானே?" என்றாள். நான் தலையை ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை. து, மே, ரி. மேடத்தின் சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில், அதைவிடப் பெரிதாக, கொஞ்சம் மேலே ஏறிப்போகும் வரிசையில் என் அம்மாவின் பெயர் வந்து உட்கார்ந்தது. அவளுடைய விரல் பட்ட இடத்தில் தாள் ஈரமாகி, ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

காவேரி அத்தையின் பலகைக்கு யாரோ வந்து சங்கரா இருக்கிறதா என்று கேட்டார்கள். மறுபடி ஒரு ரயில் வரும் சத்தம் தூரத்தில் ஆரம்பித்தது. அம்மா பேனாவை மூடி, தாளை இரண்டு கையாலும் பிடித்து, மை காய ஊதி என்னிடம் நீட்டினாள்.

"போதுமா?" என்று கேட்டாள்.